யாருக்கு அச்சிட்ட பெக்கட்?

கட்டாரிலிருந்து ஒரு பெட்டி, கொழும்பிலிருந்து ஒரு லொறி, சென்னையிலிருந்து ஒரு பை. கல்முனைக் கரையோர வீடுகளின் குசினித் தட்டில் மூன்றின் சாமான்களும் அருகருகே நிற்கின்றன. ஒவ்வொரு பெக்கட்டும் தன்னை வாங்கப் போகிறவர் யாரென்று ஒரு கணக்குப் போட்டு வைத்திருக்கிறது. அந்தக் கணக்கில் நாம் எங்கே இருக்கிறோம்?

கார்கோ பெட்டியை அஸர் தொழுகைக்குப் பிறகுதான் திறந்தோம். மச்சான் அதைக் கட்டாரில் கட்டி அனுப்பி இரண்டு மாதம் ஆகியிருந்தது. பாய் விரித்து, பெட்டியை நடுவில் வைத்து, தம்பி கத்தியால் டேப்பைக் கீறினான். மேலே ஒரு போர்வை. அதற்குள் பச்சைப் பிள்ளையைச் சுற்றியது மாதிரி இரண்டு விம்டோ போத்தல். அடியில் இரண்டரைக் கிலோ நிடோ டின், டைட் சவுக்காரத் தூள், டேங் பெக்கட்டுகள், ஒரு டசின் கோடாலித் தைலம்.

உம்மம்மா நிடோ டின்னைத் தன் மடிக்கு இழுத்துக்கொண்டு கண்ணாடியைத் துடைத்துப் போட்டார். பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்போடு நின்றவர். ஓதப்பள்ளியில் குர்ஆனின் முப்பது ஜுஸுவும் முடித்தவர். இங்கிலீசு எழுத்து இருந்த பக்கத்தைத் திருப்பிவிட்டு அரபுப் பக்கத்தில் விரலை வைத்தார். “நூன்... யே... தால்... வாவ். நீதூ” என்றார். விம்டோ போத்தலில் “ஃபீம்தூ.” தம்பி சிரித்தான். ஆனால் உம்மம்மா வாசித்தது சரி. அரபியில் ‘ப’கரமும் இங்கிலீசின் ‘வி’யும் இல்லை, பெப்சி போத்தலில்கூட ‘பீப்ஸீ’ என்பதை ‘அம்பு’வில் வரும் ஓசையோடுதான் எழுதியிருப்பார்கள். குர்ஆனில் எழுத்துக்கு மேலும் கீழும் குறிகள் இருக்கும், வாசிப்பு வழுக்காது. சவுக்காரப் பெக்கட்டில் அந்தக் குறிகள் இல்லை. பாதி எழுத்தில் இருக்கிறது, பாதியை வாசிப்பவர் போட்டுக்கொள்ள வேண்டும்.

தமிழை அரபு எழுத்தில் எழுதி வாசித்த சமூகம் இது. அரபுத்தமிழ்க் கிதாபுகள் எங்கள் மூத்தவர்களின் தலைமாட்டில் இருந்தவை. ஆகவே மருதமுனையிலிருந்து பொத்துவில் வரை இந்தக் கரையோரத்தில் வளைகுடாப் பெக்கட் ஒன்று வந்து இறங்கினால், அதன் எழுத்து அந்நியமாகத் தெரிவதில்லை. மொழிதான் அந்நியம். எழுத்துக் கூட்டத் தெரிந்த, பொருள் தெரியாத ஒரு வாசிப்பு. இந்த ஊர்களில் பல வீடுகளில் மகனோ மருமகனோ மகளோ சவூதியிலும் கட்டாரிலும் குவைத்திலும் இருக்கிறார்கள். அதனால் கடைச் சாமானைப் பற்றிய எங்கள் அறிவு கொழும்போடு நிற்பதில்லை.

ஒரு கூடு, பல பெயர்

நிடோ டின்னை உம்மா தட்டில் தூக்கி வைத்த இடத்துக்குப் பக்கத்தில் ஏற்கனவே ஒரு நெஸ்பிரே பெக்கட் இருந்தது. ஊர்க் கடையில் வாங்கியது. இரண்டும் நெஸ்லே கம்பனியின் பால்மா. இரண்டிலும் அதே பறவைக் கூட்டுச் சின்னம். இதே கம்பனி இந்தியாவில் ‘எவ்ரிடே’ என்று விற்கிறது, பிரேசிலில் ‘நின்யோ’ என்கிறது. நிடோ என்றால் இத்தாலியத்திலும் ஸ்பானியத்திலும் கூடு; நின்யோ என்றால் போர்த்துக்கேயத்தில் கூடு. கம்பனியைத் தொடங்கிய ஹென்றி நெஸ்லேயின் குடும்பப் பெயருக்கே அவருடைய ஜெர்மன் வட்டார வழக்கில் சின்னக் கூடு என்று பொருள். 1868ல் குடும்பச் சின்னத்தையே அவர் வியாபாரச் சின்னமாக்கினார். ஸ்பானியத் தாய்க்கும் பிரேசில் தாய்க்கும் அந்தப் பெயர் தன் மொழியில் பேசுகிறது. நமக்கு வந்த நெஸ்பிரே கூட்டையும் சொல்லவில்லை, பாலையும் சொல்லவில்லை.

ஒரே சாமானுக்கு ஊருக்கொரு பெயர் ஏன்? பெரும்பாலும் காரணம் பழைய கொள்முதல்தான். பெரிய கம்பனி ஒரு நாட்டுக்குள் நுழையும்போது அங்கே ஏற்கனவே பேர் எடுத்த உள்ளூர்க் கம்பனியை வாங்குகிறது. சனத்தின் வாயில் ஊறிய பெயரை மாற்ற அதற்குத் துணிச்சல் வராது. உலகமெங்கும் லேஸ் என்று போகும் உருளைக்கிழங்குச் சீவல் பிரித்தானியாவில் வாக்கர்ஸ், மெக்சிகோவில் சப்ரிதாஸ் ஆனது இப்படித்தான். இங்கே வோல்ஸ் என்று வரும் ஐஸ்கிரீமின் இதய வடிவச் சின்னத்தை இந்தியாவில் குவாலிட்டி வோல்ஸ் என்றும் இத்தாலியில் அல்ஜீடா என்றும் ஜெர்மனியில் லாங்னீஸ் என்றும் பார்க்கலாம். சில இடங்களில் அந்தப் பெயர் வேறொருவரின் சொத்தாக இருக்கும்: அவுஸ்திரேலியாவில் பேர்கர் கிங் கடைகள் ஹங்ரி ஜக்ஸ் என்று பெயர் வைக்க வேண்டி வந்தது அதனால்தான். சில இடங்களில் நாக்கு இடறும். விக்ஸ் தைலம் ஜெர்மனியில் விக் என்று எழுத்து மாறி நிற்கிறது.

வாயில் ஊறிய பெயர் என்பது எவ்வளவு பிடிவாதமானது என்பதற்கு எங்கள் வீட்டிலேயே சாட்சி இருக்கிறது. உம்மா இன்றும் எந்தச் சவுக்காரத் தூளையும் ‘ரின்சோ’ என்றுதான் சொல்வார். தட்டில் இருப்பது சர்ஃப் எக்செல். பெட்டியில் வந்தது டைட். இந்தோனேசியாவில் இன்றும் ரின்சோ என்ற பெயரிலேயே விற்கிறார்கள். பிரேசிலில் அதே யுனிலீவர் கம்பனியின் தூளுக்கு ஒமோ என்று பெயர். உம்மா ஜகார்த்தா போனதில்லை. ஆனால் அங்கே போய்க் கடையில் நின்றால் கேட்டது கிடைக்கும்.

பிஸ்கட்டும் இதே கதைதான். லண்டனில் பீக் ஃப்ரீன்ஸ் கம்பனி 1874ல் ரஷ்ய இளவரசி மரியாவின் கல்யாணத்துக்குச் சுட்ட வட்டப் பிஸ்கட் தமிழ்நாட்டில் ‘மேரி’, இங்கே ‘மாரி’. அதை இங்கே சுடும் கம்பனிகளில் ஒன்று மாலிபன். 1954ல் தொடங்கிய அந்தக் கம்பனியின் பெயர் கொழும்புப் புறக்கோட்டை மாலிபன் வீதியிலிருந்து வந்தது. வீதியின் பெயர், ஒல்லாந்தர் பந்தடித்து விளையாடிய ‘மாலிபான்’ என்ற திடலிலிருந்து வந்தது. ரஷ்ய இளவரசியும் ஒல்லாந்தப் பந்துத் திடலும் சாய்ந்தமருதுக் கடையில் ஒரே பெக்கட்டுக்குள் அடங்கி, பிளேன்டியில் தோய்கின்றன.

“எந்த அங்கர் எண்டாலும் பரவால்ல”

பெயர் பிராண்டை விட்டுக் கழன்று பொருளாகவே மாறிவிட்ட உச்சம் அங்கர். 1886ல் நியூசிலாந்தின் வைகாட்டோ பிரதேசத்தில் ஹென்றி ரெனால்ட்ஸ் என்பவர் தன் வெண்ணெய்க்கு வைத்த பெயர் அது. பிரித்தானியாவில் அங்கர் என்றால் இன்றும் வெண்ணெய். தமிழ்நாட்டில் ஆங்கர் என்று கேட்டால் மின்சாரச் சுவிட்ச் எடுத்துத் தருவார்கள், அது வேறு கம்பனி. இலங்கையில் அங்கர் என்றால் பால்மா, மறுபேச்சு இல்லை.

கல்முனைக்குடியில் ஒரு பலசரக்குக் கடை. காலை ஏழரை மணி. ஒரு ராத்தா வந்து நிற்கிறார்.

“காக்கா, அங்கர் ஒண்டு தாங்க.”

“எந்த அங்கர்?”

“எந்த அங்கர் எண்டாலும் பரவால்ல. விலை குறைஞ்சதாப் பாத்துத் தாங்க.”

கடைக்காரர் யோசிக்காமல் வேறொரு கம்பனிப் பெக்கட்டை எடுத்து வைக்கிறார். இரண்டு பேருக்கும் அதில் எந்த முரணும் தெரியவில்லை. சிரித்தது நான் மட்டும்தான்.

இலங்கைப் பால்மாவின் முகம் 400 கிராம் பெக்கட். வளைகுடாவின் முகம் பெரிய டின். நாட்கூலிக்கும் கடன் கொப்பிக்கும் பொருந்துவது சின்னப் பெக்கட். மாதச் சம்பளமும் காரின் பின்பெட்டியும் இருப்பவருக்குப் பொருந்துவது டின். அளவைப் பார்த்தே வாங்குபவரின் சட்டைப்பையை ஊகித்துவிடலாம்.

அந்த 400 கிராம் எவ்வளவு கனக்கும் என்பதை நாடு 2021லும் 2022லும் அறிந்தது. 2021 ஒக்டோபரில் விலைக் கட்டுப்பாடு நீங்கியதும் இறக்குமதிப் பால்மாவின் 400 கிராம் பெக்கட் 380 ரூபாயிலிருந்து 480க்குப் போனது. டிசம்பரில் 540. 2022 மார்ச்சில் 790. விலை ஏறியது ஒரு பக்கம், சாமானே இல்லாதது மறு பக்கம். ஹோட்டல்களில் பால்தேநீர் 100 ரூபாயைத் தொட்டு, பிறகு பல இடங்களில் பட்டியலிலிருந்தே காணாமல் போனது. அப்போது எங்கள் பக்கக் கடைகளில் பெக்கட்டை வெட்டி, ஐம்பது ஐம்பது கிராமாக நிறுத்து, பொலித்தீன் பைக்குள் போட்டு முடிச்சுப் போட்டு விற்றார்கள். பிராண்டும் இல்லை, பெயரும் இல்லை, காலாவதித் திகதியும் இல்லை. அந்த முடிச்சையும் சனம் ‘அங்கர்’ என்றே கேட்டு வாங்கியது. கட்டாரிலிருந்து நிடோ டின் வந்த வீடு அந்த மாதங்களில் தெருவிலேயே தனி வீடு. டின் திறந்த செய்தி பக்கத்து வீட்டுக்குத் தெரிய வேண்டுமா கூடாதா என்பதுகூட யோசிக்கும் விசயமானது.

வெளிநாட்டு டின் என்றால் உள்ளே இருப்பதும் உசத்தி என்ற நம்பிக்கை எங்களிடம் ஊறியது. அதைக் கொஞ்சம் உலுக்கியது 2024 ஏப்ரலில் சுவிட்சர்லாந்தின் ‘பப்ளிக் ஐ’ அமைப்பு வெளியிட்ட ஆய்வு. நெஸ்லேயின் குழந்தை உணவில் ஐரோப்பாவில் சேர்க்காத சீனியை ஆசிய, ஆபிரிக்க, இலத்தீன் அமெரிக்க நாடுகளில் சேர்க்கிறார்கள் என்றது அந்த அறிக்கை; இந்தியாவில் விற்ற செரலாக்கில் ஒரு வேளைக்குச் சுமார் 3 கிராம் சேர்த்த சீனி. அந்தந்த நாட்டுச் சட்டப்படியே செய்கிறோம், சீனியைக் குறைத்து வருகிறோம் என்றது கம்பனி. பெக்கட் மட்டும் மாறினால் பரவாயில்லை. பெக்கட்டோடு உள்ளிருப்பதும் மாறுகிறது என்பதுதான் தாய்மாருக்குத் தெரிய வேண்டிய செய்தி.

தமிழிலிருந்து தமிழுக்கு

மூன்றாவது வழி சென்னை. வைத்தியத்துக்கும் கல்யாண உடுப்புக்கும் போகிறவர்கள் பையில் மசாலாப் பெக்கட்டுகளோடு திரும்புவார்கள். இந்தப் பெக்கட்டுகளில் பெரிய எழுத்தில், பிழையில்லாத தமிழ் இருக்கும். சிங்களத்துக்கும் இங்கிலீசுக்கும் நடுவே நசுங்கிய, சில வேளைகளில் கொம்பும் காலும் இடம் மாறிய தமிழைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது ஒரு விருந்து. ஆனால் விருந்தில்தான் கல் கடிபடும்.

என் சாச்சி ஒருமுறை சென்னைப் பெக்கட் ஒன்றில் ‘கோதுமை மாவு’ என்று தெளிவாக எழுதியிருப்பதைப் பார்த்து வாங்கி வந்தார். நோன்புப் பெருநாளுக்கு முந்திய இரவு பராட்டாவுக்குக் குழைத்தார். மா இழுபடவே இல்லை. வீசினால் கிழிந்தது, சுட்டால் பழுப்பாக வந்தது. குற்றம் மாவில் இல்லை, சொல்லில். இலங்கையில் கோதுமை மா என்றால் தீட்டிய வெள்ளை மா. திருகோணமலையில் 1980 முதல் ஓடும் பிரிமா ஆலை அரைப்பது அதைத்தான். தமிழ்நாட்டில் அதற்கு மைதா என்று பெயர். அவர்களுடைய கோதுமை மாவு எங்களுக்கு ‘ஆட்டா மா’. இரண்டு ஊருக்கும் நடுவில் ஒரு பாக்குநீரிணை, ஒரு வெள்ளை மா.

சர்க்கரையும் அப்படித்தான். சென்னையில் அது தேத்தண்ணிக்குப் போடும் வெள்ளைப் பொருள். எங்களுக்கு அது சீனி. சர்க்கரை என்றால் பழுப்பு நிறத்தில் கட்டியாக வருவது. அதனால்தான் அங்கே சர்க்கரை நோய், இங்கே சீனி வருத்தம். அவர்களின் வேர்க்கடலை எங்கள் கச்சான். அவர்களின் சோப்பு எங்கள் சவுக்காரம். அரபுப் பெக்கட்டை எழுத்துக் கூட்டி வாசித்துப் பொருள் தெரியாமல் நிற்கிறோம். சென்னைப் பெக்கட்டைப் பொருள் தெரியும் என்று நம்பி வாசித்து ஏமாறுகிறோம். இரண்டாவதில்தான் பராட்டா கிழிகிறது.

காணாமல் போன முத்திரை

உம்மம்மாவுக்கு ஒரு வழக்கம். அரபு எழுத்து இருக்கும் வெறும் பெக்கட்டைக் குப்பையில் போட விடமாட்டார். டைட் பெக்கட்டானாலும் கழுவி, காயவைத்து, நாலாக மடித்து அலுமாரிக்கு மேல் வைப்பார். “உம்மம்மா, அது உடுப்புத் தோய்க்கிற தூள் பெக்கட்” என்றால், “உனக்கு அரபு தெரியுமா? அல்லாட பேர் அதுக்குள்ள இருந்தா என்ன செய்ற?” என்பார். பதில் கிடையாது. அலுமாரிக்கு மேல் அடுக்கு வளர்ந்துகொண்டே போனது. அதில் சவூதிப் பெக்கட்டுகளோடு சில கொழும்புப் பிஸ்கட் பெக்கட்டுகளும் இருந்தன, ஹலால் முத்திரையின் அரபுச் சொல் அவற்றில் இருந்த காலத்தில்.

அந்த முத்திரையை வழங்கி வந்தது 1924ல் தொடங்கிய அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா. 2012ல் உருவான பொது பல சேனா என்ற பௌத்த அமைப்பு அதைக் குறிவைத்தது. 2013 பெப்ரவரி 17 அன்று மஹரகமையில் கூட்டம் போட்டு ஹலால் சான்றிதழை ஒழிக்கக் கேட்டது. கடைகளில் அந்த முத்திரை உள்ள பெக்கட்டை வாங்காதே என்ற பிரசாரம் நடந்தது. மார்ச் 11 அன்று கொழும்பில் இலங்கை வர்த்தக சம்மேளனத்தில் ஒரு சமரசத்தை அறிவித்தார்கள்: உள்ளூர்ச் சந்தைக்குப் போகும் பெக்கட்டில் முத்திரை இராது, ஏற்றுமதிப் பெக்கட்டில் இருக்கும். பிறகு உலமா சபை அந்தப் பொறுப்பையே விட்டு விலகியது. 2014 முதல் தனிக் கம்பனியாக அமைந்த ஹலால் சான்றுறுதிப் பேரவை அதை நடத்துகிறது.

அந்த மார்ச் மாத அறிவிப்பைக் கொஞ்சம் நிதானமாக யோசித்துப் பாருங்கள். ஒரே ஆலை, ஒரே மா, ஒரே அடுப்பு. ஒரு பெக்கட் கப்பலேறி வளைகுடாவுக்குப் போகும், அங்கே நிந்தவூர்ப் பிள்ளை ஒருவன் அதைக் கடையில் எடுத்து முத்திரையைப் பார்த்து நிம்மதியாக வாங்குவான். இன்னொரு பெக்கட் லொறியேறி நிந்தவூருக்கு வரும், அவனுடைய உம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். பெக்கட்டுகள் சந்தைக்குச் சந்தை வேறுபடுவது உலக வழக்கம். தூரத்து வாடிக்கையாளருக்குச் சொல்வதைப் பக்கத்து வாடிக்கையாளருக்குச் சொல்லாமல் விடுவதற்குப் பெயர் வேறு.

முத்திரை இல்லாவிட்டால் உணவு ஹராமாகிவிடாது, உண்மைதான். அது ஒரு தகவல், அவ்வளவே. ஆனால் தகவல் இல்லாத இடத்தில் வதந்திக்கு இடம் கிடைக்கும் என்பதற்கு எங்கள் மாவட்டமே உதாரணமானது. 2018 பெப்ரவரி 26 இரவு அம்பாறை நகரில் முஸ்லிம் ஹோட்டல் ஒன்றின் உணவில் மலடாக்கும் மாத்திரை கலந்ததாகக் கதை கட்டி ஹோட்டலையும் பள்ளிவாசலையும் தாக்கினார்கள். அது மாக்கட்டி என்று அரசாங்கப் பகுப்பாய்வாளர் பின்னர் அறிவித்தார். ஒரு பக்கம் பெக்கட்டில் இருந்த எழுத்தை எடுக்கச் சொன்னார்கள். மறு பக்கம் எழுத்தே இல்லாத சாப்பாட்டில் இல்லாததை வாசித்தார்கள்.

போன இடத்திலிருந்து திரும்பி வரும் நம் சாமான்

மச்சானின் பெட்டியில் கடைசியாக ஒரு தேயிலைப் பெட்டி இருந்தது. பெரிய அரபு எழுத்து, தங்க நிறக் கரை. உம்மா மணந்து பார்த்து, “அரபு நாட்டுத் தேயிலை, நல்ல வாசம்” என்றார். மூலையில் சின்னதாக வாளேந்திய சிங்கம். இலங்கைத் தேயிலைச் சபையின் சின்னம் அது. முழுக்க இலங்கையில் விளைந்து இலங்கையிலேயே பொதி செய்த தேயிலைக்கு மட்டும்தான் அதைப் போடலாம். மலையகத்தில் கொழுந்தாகப் பறித்து, கொழும்பில் அரபுச் சட்டை மாட்டி, கடல் கடந்து போய், கார்கோ கூலி கொடுத்துத் திரும்பி வந்திருக்கிறது. ஜோர்தானில் பேரெடுத்த ‘அல்கஸாலைன்’ தேயிலையும் கொழும்பு அக்பர் பிரதர்ஸ் அனுப்புவதுதான்.

அரிசி அவ்வளவு தூரம் போவதில்லை. கல்லோயாத் திட்டத்துக்குப் பிறகு அம்பாறை நாட்டின் நெற்களஞ்சியங்களில் ஒன்று. சம்மாந்துறை வட்டையில் அறுத்த நெல்லில் ஒரு பங்கு லொறியேறிப் பொலன்னறுவை ஆலைகளுக்குப் போகிறது. தீட்டி, பொதிந்து, பூவோ யானையோ அச்சிட்ட பையில் திரும்பி வந்து எங்கள் சுப்பர் மார்க்கட்டில் நிற்கிறது. விளைந்த வயலின் பெயர் அந்தப் பையில் இல்லை.

பெயரே இல்லாமல் எல்லோருக்கும் அடையாளம் தெரிவது ஒன்றுதான்: சட்டித் தயிர். மண்சட்டி, மேலே கட்டிய கடதாசி, ஓலை உறி. லேபல் கிடையாது. லேபல் உள்ள சாமான்களின் கதை வேறு. 2016 ஓகஸ்ட் முதல் மென்பானங்களில் சீனி அளவுக்குச் சிவப்பு, மஞ்சள், பச்சை வட்டம் போடச் சட்டம் வந்தது. 100 மில்லிலீட்டரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு. இங்கே வாங்கும் நெக்டோ போத்தலில் வட்டம் இருக்கிறது. மச்சான் அனுப்பிய விம்டோவில் அது இல்லை, ஏனென்றால் அந்தப் போத்தல் எங்களுக்கு அச்சிட்டதல்ல. தயிர்ச் சட்டிக்கு வட்டமே தேவையில்லை. சரித்தால் தண்ணீர் ஓடாமல் கட்டியாக நின்றால் நல்ல எருமைப் பால். மூத்தவர்கள் சட்டியைத் தட்டியே சொல்லிவிடுவார்கள். வாசிக்க எழுத்து இல்லாத இடத்தில் கை வாசிக்கிறது.

அன்று இரவு பெட்டியின் சாமான்களைத் தட்டில் அடுக்கி முடித்தபோது நிடோவும் நெஸ்பிரேயும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. உம்மம்மா நோன்பு திறக்க வைத்திருக்கச் சொல்லி விம்டோவைத் தனியே எடுத்தார். பிறகு தேயிலைப் பெட்டியின் மேலட்டையைக் கேட்டு வாங்கி மடித்து அலுமாரிக்கு மேல் வைத்தார். தம்பி சீண்டினான்:

“உம்மம்மா, இது நம்மட நாட்டுத் தேயிலதான். உள்ளுக்குள்ள அரபு ஒண்டும் இல்ல.”

“எழுத்து மேலதானே இரிக்கி மனே” என்றார்.

தேத்தண்ணி ஊற்றியாகிவிட்டது. யாரோ குசினியிலிருந்து, “அங்கரா, பிளேன்டியா?” என்று கேட்டார்கள். அன்று எல்லோரும் அங்கர் கேட்டோம். நிடோ டின்னைத் திறந்தார்கள்.